இவள் கொய்யா என்று பெயர் வைத்த செடி

காலையில் காந்தி சிலைப் பக்கம் நடக்கும்போது நண்பர்கள், "மூணு தடவை அமெரிக்கா போயிட்டு வந்தீங்களே, நயாகரா பாத்தீங்களா? சுதந்திர தேவி சிலை பாத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் நான் போன இடத்திலிருந்து நாட்டின் அடுத்த கோடியில் இருக்கின்றன. நான் பார்த்தது ஒரு புதர். அதைப் பற்றி எழுதுகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் மகள் வீடு கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் மலையில், பென் லொமண்ட் என்ற சிற்றூருக்கு மேலே சரிவில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் ரெட்வுட் மரங்கள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். மேலே ஏற ஏற மண் வறண்டுவிடும். மரம் குறைந்து, ஒரு ஆள், ஒன்றரை ஆள் உயரத்துக்கு முரட்டுப் புதர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். உள்ளே ஆள் நுழைய முடியாது. இதற்கு சாப்பரல் என்று பெயர், ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஊரில் மழை குளிர்காலத்தில்தான். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை பெரும்பாலும் ஒரு சொட்டு விழாது. அந்த ஆறு மாத வெயிலைத் தாங்குவதற்காகச் செடிகளெல்லாம் தோல் மாதிரி தடித்த சின்ன இலைகளோடு இருக்கின்றன.

நம்மில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மாக்கி. கோர்சிகா தீவின் மலைச்சரிவுகளில் இருப்பதாகப் பூகோள வகுப்பில் படித்தோமே, அதே வகைப் புதர்க்காடு. ஜெர்மானியர்களை எதிர்த்து ஒளிந்திருந்து போராடியவர்களுக்கு மாக்கி என்று பெயர் வந்ததும் இந்தப் புதரால்தான். படித்து அறுபது வருஷம் கழித்து அதன் பங்காளியை நேரில் பார்த்தேன்.

முதல் முறை நாங்கள் இருவரும் போனது 2019 ஜனவரியில். வீட்டுக்குப் பின்னால் சரிவில் புதர்களுக்கு நடுவே ஒன்று தனித்துத் தெரிந்தது. அடிமரம் கருஞ்சிவப்பு. பட்டை காகிதம் போல் சுருண்டு உரிந்து, உள்ளே பளபளவென்று வழவழப்பு. இவள் நேராகப் போய் அதைத் தடவிப் பார்த்து, "என்னங்க, நம்ம வீட்டுக் கொய்யா மாதிரியே இருக்கு. நல்லா ஜில்லுனு இருக்கு பாருங்க" என்றாள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்த கொய்யாவை 1990களில் மாடி கட்டும்போது எடுத்துவிட்டோம். அதன் வருத்தம் இவளுக்கு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து அது "கொய்யா" ஆயிற்று. காலைக் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அதனடியில் போய் நிற்பாள். பேத்தியும் "பாட்டியோட கொய்யா" என்றுதான் சொல்லுவாள்.

அதன் உண்மைப் பெயர் மன்சானிட்டா. ஸ்பானிய மொழியில் குட்டி ஆப்பிள். காயைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், பட்டாணி அளவில் ஒரு ஆப்பிள். விஞ்ஞானப் பெயர் ஆர்க்டோஸ்டஃபிலோஸ். கிரேக்கத்தில் கரடித் திராட்சை என்று பொருள். பெயரை வைத்தவர் மிஷேல் அதான்சோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1763இல். நம் பக்கம் ஆனைப்புளி என்று சொல்லும் மரத்தின் விஞ்ஞானப் பெயரில் இருப்பவரும் இவர்தான். ஐரோப்பாவில் தரையோடு படரும் ஒரு மன்சானிட்டாவை பிரெஞ்சில் ரெஸேன் தூர்ஸ் என்பார்கள். அதுவும் கரடித் திராட்சைதான்.

இது சேர்ந்த குடும்பம் எரிகேசி. பிரெஞ்சில் ப்ருய்யேர் என்று படித்த செடியின் குடும்பம். புதுச்சேரி மணலில் இந்தக் குடும்பத்தைத் தேட வேண்டாம், குளிர்ந்த மலையும் புளித்த மண்ணும் வேண்டும் இதற்கு. ஊட்டியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு இந்தக் குடும்பம். முட்டிவலிக்கு ஊட்டியிலிருந்து வாங்கி வருகிறோமே விண்டர்கிரீன் தைலம், அந்தச் செடியும் இந்தக் குடும்பமே. ஆக, நம் முழங்காலுக்கு இது பழைய உறவு.

அந்த முதல் பயணத்தில் எனக்கு வேலையில்லை. மாப்பிள்ளை மன்சானிட்டாக்களைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தார். மூன்று பேர் சேர்ந்து எழுதி 2015இல் வந்த கையேடு. பிரித்துப் பார்த்தால், கலிபோர்னியாவில் மட்டும் ஏறக்குறைய 60 இனம், கிளை இனங்களையும் சேர்த்தால் நூறை நெருங்கும். பெரும்பாலானவற்றுக்குச் சிவப்புப் பட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பூ. எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஏன் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 36 வருஷ சர்வீஸில் பெரும்பகுதி எத்தா சிவில் பதிவேடுகளோடுதான் கழிந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா பெயர், தெரு, ஓரக் குறிப்பு என்று பார்த்துப் பார்த்து, இவர்தான் அவர் என்று கண்டுபிடித்து நகலில் கையெழுத்துப் போட வேண்டும். செடியை அடையாளம் காண்பதும் இதே வேலைதான் என்று நினைத்தேன்.

முதலில் குடும்பத்தைப் பிடிக்க வேண்டும். பூ சுலபமான சாட்சி. பனையில் கட்டும் கள்ளுக் கலயத்தைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கிக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் எப்படியோ அப்படி, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கொத்தாக. குளிர்காலத்திலேயே பூக்கும். உள்ளே மகரந்தப் பை வெடித்துத் திறக்காது, நுனியில் இரண்டு துளைதான். பெரிய வண்டுத்தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். காது வைத்துக் கேட்டால் ரீங்காரம் சட்டென்று சுருதி மாறுவது தெரியும்.

அடுத்து, ஒரே குடும்பத்துச் சகோதரர்களை விலக்க வேண்டும். மட்ரோன் என்று ஒன்று, அதற்கும் சிவப்புப் பட்டை உரியும். ஆனால் அது மரம், இலை உள்ளங்கை நீளம், பழம் சொரசொரப்பாக ஆரஞ்சு நிறம். பிரெஞ்சு அர்பூஸியேயின் நெருங்கிய உறவு. ஹக்கிள்பெர்ரி என்று இன்னொன்று, அது நிழலை நாடும். இலை விளிம்பில் ரம்பப் பல், கறுப்புப் பழம். மன்சானிட்டாவின் இலையோ பெரும்பாலும் விளிம்பில் பல் இல்லாமல், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். நடுப்பகல் சூரியனுக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டும் தந்திரம்.

இதுவரை யாரும் செய்யலாம். எந்த மன்சானிட்டா என்பதுதான் கஷ்டம். அதற்குத் தாவர நூல்கள் துவக்கத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று பூவைப் பற்றியதல்ல, இலையைப் பற்றியதுமல்ல. அடியில் முண்டு இருக்கிறதா, இல்லையா? சில இனங்களுக்குத் தரையோடு தரையாக, வேர் தொடங்கும் இடத்தில், மரக்கட்டை உருண்டு திரண்டு முண்டாக இருக்கும். காட்டுத்தீ மேலே எல்லாவற்றையும் எரித்துவிட்டாலும் அந்த முண்டிலிருந்து துளிர் வரும். வேறு சில இனங்களுக்கு முண்டு கிடையாது. எரிந்தால் செத்தது செத்ததுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முதல் வகை வேலிக்காத்தான், இரண்டாவது பனை. ஒன்றை வெட்ட வெட்ட வரும், மற்றதை வெட்டினால் போச்சு.

இந்தச் செடிகளின் பதிவேட்டை எழுதியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆலிஸ் ஈஸ்ட்வுட் அம்மையார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து, தானே தாவரவியல் கற்றுக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தில் உலர்செடிக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். மன்சானிட்டாக்களில் பலவற்றுக்குப் பெயர் கொடுத்தவர். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் கழகத்தின் கட்டடம் சிதைந்தது, தீ நெருங்கிக்கொண்டிருந்தது. செடிகள் இருந்தது ஆறாவது மாடி. படிக்கட்டு இடிந்துவிட்டது. அம்மையார் கைப்பிடிக் கம்பியைப் பற்றிப் படியின் உடைசலில் கால் வைத்து ஏறி, சுமார் 1,500 மூல மாதிரிகளைக் கீழே இறக்கினார். எப்படி முடிந்தது? மூல மாதிரிகளை மற்றவற்றோடு கலக்காமல் தனி அலமாரியில் முன்பே வைத்திருந்தார். ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவனுக்குத்தான் அந்தத் தனி அலமாரியின் அருமை தெரியும்.

அவர் 1905இல் பெயரிட்ட பிரான்சிஸ்கானா என்ற மன்சானிட்டா, நகரம் பெருகப் பெருக இயற்கையில் அழிந்துவிட்டது என்று 1940களிலிருந்து நம்பியிருந்தார்கள். 2009இல் கோல்டன் கேட் பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் மரங்களை வெட்டி வேலை நடந்தபோது, காரில் போன தாவர ஆய்வாளர் ஒருவர் ஓரத்தில் ஒரு புதரைப் பார்த்திருக்கிறார். அதுதான் அது. 2010 ஜனவரியில் வேர்மண்ணோடு பெயர்த்து வேறு இடத்தில் நட்டார்கள். ஓடும் காரிலிருந்து பார்த்து ஒருவர் ஒரு செடியைக் காப்பாற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்த கதையை இனிச் சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட் 16. நம் ஊருக்கு அது சட்டப்படி இணைப்பு நடந்த நாள், கீழூரில் கொடி ஏற்றுவார்கள். அங்கே அன்றுதான் சாந்தா குரூஸ் பக்கத்து மலைகளில் மழையில்லாத மின்னல் விழுந்து தீப்பிடித்தது. 86,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. மகள் குடும்பம் இரவோடு இரவாகக் காரில் கிளம்பியது. பேத்தி பள்ளிப் பையை எடுத்துக்கொண்டாளாம், செருப்பை மறந்துவிட்டாளாம். கொரோனாவால் நாங்கள் இங்கே அடைந்து கிடந்தோம். போனைக் கையில் வைத்துக்கொண்டே பல இரவுகள் உட்கார்ந்திருந்தோம். தீ அவர்கள் வீடு வரை வரவில்லை. ஆனால் மகளின் குரலில் அதற்கு முன் இல்லாத ஒரு பதற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டைச் சுற்றி 100 அடிக்கு எரியக்கூடியதைக் குறைக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிப்பதும் கடினமாகிவிட்டது. 2022 ஏப்ரலில் நான் தனியாகப் போனேன், இவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் போன வாரமே புதர் வெட்ட ஆட்கள் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை, "மாமா, உங்களுக்குத்தான் இந்தச் செடியெல்லாம் தெரியுமே. எதை வெட்டலாம், எதை விடணும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்றபின் ஒருவர் என் முடிவைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

புத்தகம், பூதக்கண்ணாடி, நோட்டு, கைத்தடி சகிதம் இறங்கினேன். சரிவில் ஒன்பது மன்சானிட்டாக்கள். எட்டுக்கு அடிமுண்டு வெளியே தெரிந்தது. கிரஸ்டேசியா என்ற இனம், அம்மையார் பெயரிட்டதுதான். ஒன்பதாவது எங்கள் கொய்யா. அதனடியில் சருகு முழங்கால் அளவு குவிந்திருந்தது. குனிந்து சருகை விலக்கியிருக்க வேண்டும். முதுகும் ஒத்துழைக்கவில்லை, சரிவும் வழுக்கியது. கைத்தடியைச் சருகுக்குள் விட்டுத் தட்டினேன். உருண்டையாக ஏதோ கெட்டியாக இடித்தது. முண்டு. மற்ற எட்டைப் போலவே இதுவும் ஒன்று என்று முடிவு செய்தேன்.

மகளுக்குத் தயக்கம். "அம்மாவோட கொய்யாப்பா அது. அத மட்டும் விட்டுடலாமே?"

"ஒண்ணும் ஆகாதும்மா. முண்டு இருக்கு. ரெண்டு மழை பேஞ்சா தழைஞ்சு வந்துடும். அம்மா வர்றதுக்குள்ள ஆள் உயரம் வந்துடும்."

வெட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் சட்டம் மொட்டை அடிக்கச் சொல்லவில்லை. காய்ந்த கிளையைக் கழித்து, அடியைச் சுத்தம் செய்து, நடுவில் இடைவெளி விட்டு நல்ல செடியைத் தனியாக நிற்க விடலாம். அந்தப் பகுதியையும் நான் படித்துத்தான் இருந்தேன்.

மூன்றாவது முறை போனது 2024 பிப்ரவரியில், மறுபடியும் தனியாக. இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. போன மறுநாள் காலை சரிவுக்குப் போனேன். எட்டு அடிக்கட்டையிலும் இடுப்பளவு துளிர், இளஞ்சிவப்புக் கொழுந்து. ஒன்பதாவதில் ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கட்டை. பட்டை உதிர்ந்து எலும்பு மாதிரி இருந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தேன். எழுந்திருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். சருகையும் மண்ணையும் கையால் தோண்டினேன். அடிமரம் முண்டு எதுவும் இல்லாமல் நேராக வேருக்குள் இறங்கியது. பக்கத்தில், தேங்காய் அளவில் ஒரு உருண்டைக் கல்.

அறைக்கு வந்து 2022 நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே என் கையெழுத்திலேயே இருக்கிறது: "இலைக்குக் காம்பு இல்லை. அடி இரண்டு காதாகப் பிரிந்து தண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கிளை நுனியும் பிஞ்சும் பிசுபிசுப்பு." கடைசிக் கட்டத்தில்: "முண்டு உண்டு. கிரஸ்டேசியா." புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்திருந்தால் போதும். காம்பில்லாத காது இலை, பிசுபிசுக்கும் காய், முண்டு இல்லை. மூன்றும் சேர்ந்தால் அது ஆண்டர்சோனி. சாந்தா குரூஸில் இருந்த ஆண்டர்சன் என்ற மருத்துவரின் பெயர். உலகத்திலேயே அந்த ஒரு மலைத்தொடரில் மட்டும் வளரும் இனம். கலிபோர்னியாவின் அரிய செடிகள் பட்டியலில் இருப்பது.

சின்ன வயதில் எங்களுக்கு லெசோன் த ஷோஸ் என்று ஒரு பாடம் உண்டு. வாத்தியார் மேஜைமேல் ஒரு இலையை வைப்பார், ஒரு பூட்டை வைப்பார். பார்த்ததை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பெயரைச் சொல்லலாம். முதலில் பெயரைச் சொன்னவன் பெஞ்சு மேல் ஏற வேண்டும். நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்று பேத்தியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. ஓரத்தில் குறிப்பு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நோட்டின் ஓரத்தில் எழுதினேன்: "முண்டு இல்லை. கல். இனம் ஆண்டர்சோனி. வெட்டச் சொன்னது என் தவறு." மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "விடுங்க மாமா, வீடு பத்திரமா இருக்குல்ல" என்றார். நல்ல மனிதர். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நானும் கேட்கவில்லை.

இவளிடம் சொல்வதுதான் பாக்கி. இரண்டு வருஷமாக வீடியோவில் "கொய்யா எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் "துளிர்க்குது, துளிர்க்குது" என்று சொல்லி வந்திருக்கிறேன். அன்று ராத்திரி, அதாவது இங்கே காலை, எல்லாவற்றையும் சொன்னேன். கல்லைக்கூடக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"வேற வழியே இல்லையா? பதியம் கிதியம்?"

"கட்டைக்கு உயிர் இல்ல. ஆனா விதை மண்ணுல இருக்கும். எலியெல்லாம் கொண்டுபோய்ப் புதைச்சு வச்சிருக்கும். வருஷக்கணக்கா உறங்கும். அதுபாட்டுக்கு முளைக்காது."

"பின்ன எப்ப முளைக்குமாம்?"

"தீ வந்து போனா முளைக்கும். புகையும் கரியும் படணும்."

இவள் திரையில் என் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தாள்.

"அப்ப முளைக்கவே வேணாம். கிடக்கட்டும்" என்றாள். பிறகு, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.